கடலூர் பஸ்ஸில் ஜெல்லி ரோல் மார்ட்டன் கேட்பது எப்படி

ஜாஸ் என்றதும் பாண்டிச்சேரி பீச் ரோட்டு ஓட்டலில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் சாக்ஸபோன்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். நான் சொல்லப்போகிற ஆள் அந்த வகை இல்லை. இவர் பாட்டை அங்கே போட்டால் சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பேர் ஜெல்லி ரோல் மார்ட்டன். பியானோக்காரர், இசையமைப்பாளர், 1890இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து 1941இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தவர். ஜாஸைக் காகிதத்தில் எழுதி அச்சுக்குக் கொண்டுபோன முதல் சில பேரில் ஒருவர்; அவருடைய 'ஜெல்லி ரோல் புளூஸ்' 1915லேயே அச்சாகிவிட்டது. ஜாஸைக் கண்டுபிடித்ததே நான்தான், அதுவும் 1902இல், என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு 12 வயசு.

நான் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான், அதனால் ஒரு பயணத்துக்குப் பதினாலு பாட்டு கேட்கலாம். இரண்டு வருஷமாக இவரைக் கேட்கிறேன், அதில் முதல் மூன்று மாதம் தப்பாகவே கேட்டேன். என்ன தப்பு, எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள்

நான் ஒழுங்கான பையன் மாதிரி 1923இலிருந்து வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். அதுதான் தப்பு. 1923 ஜூலையில் இண்டியானாவில் ரிச்மண்ட் என்ற ஊரில், ஜெனட் கம்பெனிக்காக மார்ட்டன் பியானோ மட்டும் வாசித்துப் பதிவு செய்தார். அந்த ஸ்டுடியோ ஒரு பியானோ தொழிற்சாலை வளாகத்துக்குள் இருந்தது. பக்கத்திலேயே ரயில் பாதை, ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைக் கிடையாது. ஒரு பெரிய குழலுக்கு முன்னால் வாசிக்க, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். இப்போது கேட்டால் பாதி பியானோ, பாதி அப்பளம் பொரிகிற சத்தம். டிரைவர் சினிமாப் பாட்டை அலறவிடுகிற தனியார் பஸ்ஸில், ஜன்னல் கண்ணாடி ஆடுகிற சத்தத்தோடு இதைக் கேட்டால் அப்பளம் மட்டும்தான் மிஞ்சும்.

1926க்குப் போங்கள். அதற்குள் மைக் வந்துவிட்டது. சிகாகோவில் விக்டர் கம்பெனிக்காக 'ரெட் ஹாட் பெப்பர்ஸ்' என்ற பேரில், காரமான சிவப்பு மிளகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு குழு அமைத்தார். அந்தக் குழுவின் பேரைப் போட்டுத் தேடினாலே முழுத் தொகுப்பும் கிடைக்கும். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, கன்னியக்கோயில் பக்கம் எனக்கு நெட்வொர்க் பல்லைக் காட்டிவிடும். நம்ம நாட்டில் ஒலிப்பதிவுக்கு உரிமை 60 வருஷம்தான், இதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது, அதனால் மனசு உறுத்தாமல் இறக்கலாம். இயர்போன் காதுக்குள் நன்றாக அடைத்து உட்காருகிற வகையாக இருக்கட்டும். விலை முக்கியம் இல்லை. 1926 பதிவில் இல்லாத சத்தத்தைப் பத்தாயிரம் ரூபாய் இயர்போன் கொண்டுவந்துவிடாது.

முதல் பாட்டு, பத்துத் தடவை

1926 செப்டம்பர் 15இல் பதிவான 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்'. ஒரு வாரத்துக்கு இது ஒன்று போதும். மற்றதைத் தொடாதீர்கள்.

நம்ம காதுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பாட்டு ஆரம்பித்தால் பாடகர் எப்போது வருவார் என்று காத்திருக்கும், அதுவரை வருவதெல்லாம் முன்னிசை, நடுவில் வருவது இடையிசை. இதில் பாடகர் வரவே மாட்டார். முன்னிசையும் இடையிசையுமே பாட்டு. இது புரியாமல்தான் நான், என்னடா எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் கத்தவில்லை. டிரம்பெட் மாதிரி இருக்கும் கார்னெட் மெட்டைப் பிடிக்கிறது, கிளாரினெட் அதற்கு மேலே பின்னிக்கொண்டு போகிறது, டிராம்போன் கீழே இழுத்து இழுத்து இடத்தை நிரப்புகிறது. மூன்றும் மூன்று குரல். ஒரு தடவை கார்னெட்டை மட்டும் கவனியுங்கள், அடுத்த தடவை கிளாரினெட்டை மட்டும். தவிலையும் நாயனத்தையும் நாம் பிரித்துக் கேட்பதில்லையா, அதே காதுதான்.

அப்புறம் எண்ண ஆரம்பியுங்கள். நாலு அடி சேர்ந்தது ஒரு கட்டம். வேகம் அதிகம், அடியை எண்ணினால் மூச்சு வாங்கும், கட்டத்துக்கு ஒரு விரல் மடக்கினால் போதும். முதலில் எட்டுக் கட்டம் முன்னுரை. அடுத்து 16 கட்ட மெட்டு ஒன்று மூன்று முறை வருகிறது, மூன்றும் வேறு வேறு ஆட்கள் கையில். பிறகு நாலு கட்டத்தில் சுருதி மாறும். இதை நம்ம ஆட்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள், ஏனென்றால் பழைய மத்திமம் இப்போது ஸட்ஜம் ஆகிறது, அவ்வளவுதான், மத்திம சுருதிக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டாவது மெட்டு. அது 20 கட்டம். 16 என்று எதிர்பார்த்து மடக்கிக்கொண்டே வந்தால் நாலு கட்டம் தள்ளி இறங்கும், அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மாடிப்படி ஒன்று கூடுதலாக இருந்த மாதிரி கால் தடுமாறும்.

அந்த 20 கட்டம் ஏழு முறை வருகிறது, ஒன்று சுமார் 18 நொடி. முதலில் எல்லாரும். இரண்டாவது கிளாரினெட். மூன்றாவது மார்ட்டன் தனியாக, மற்றவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, பியானோ மட்டும் ஒரு முழுக் குழுவின் வேலையைச் செய்யும். நாலாவது கார்னெட், மற்றவர்கள் அங்கங்கே ஒரு தட்டு மட்டும் தட்டிவிட்டு நிறுத்துவார்கள். ஐந்தாவது பான்ஜோ, தோல் போர்த்திய நரம்பு வாத்தியம். கடைசி இரண்டும் மறுபடி எல்லாரும், அதில் ஏழாவதில் அடி மாறி, குழு காலால் மிதிக்கிற மாதிரி இருக்கும், ஸ்டாம்ப் என்ற பேரே அதனால்தான். பாஸ் வாசிக்கும் ஜான் லிண்ட்ஸே நரம்பை இழுத்து விரல்பலகையில் படீரென்று விடுகிற சத்தம் தனியாகக் கேட்கும்.

மூன்று நிமிஷத்தில் இவ்வளவு. ஒன்றுகூடத் தற்செயல் இல்லை. ஜாஸ் என்றால் மேடையில் மனசுக்குத் தோன்றியதை வாசிப்பது என்று ஒரு பேச்சு இருக்கிறதல்லவா, அதை நம்பி இவரைக் கேட்டால் பாதி போய்விடும். யார் எப்போது வர வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பதெல்லாம் முன்னாலேயே முடிவானது. ஒத்திகைக்கென்று குழுவினருக்குத் தனிக் காசு கொடுத்தார். தனியாக வாசிக்கும் இடத்தில் மட்டும் அவரவர் விருப்பம். நம்ம சினிமாவில் பெரிய இசையமைப்பாளர்கள் வயலின்காரருக்கும் புல்லாங்குழல்காரருக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதிக் கொடுப்பார்கள் இல்லையா, அந்த வேலைதான். என்னைக் கேட்டால் இந்த ஆளை ஜாஸ்காரர் என்பதைவிட இசையமைப்பாளர் என்று நினைத்துக் கேட்பதுதான் சரி.

எல்லாரும் நிறுத்தும் இடம்

இரண்டாவது வாரம் நிறுத்தங்களை மட்டும் தேடுங்கள். குழு முழுவதும் சட்டென்று நின்றுவிடும், ஒரே ஒரு ஆள் இரண்டு கட்டத்துக்கு ஏதாவது செய்வார், மறுபடி எல்லாரும் தாளம் பிசகாமல் வந்து விழுவார்கள். இதற்கு 'பிரேக்' என்று பேர். பிரேக் இல்லாவிட்டால் அது ஜாஸே இல்லை என்பது மார்ட்டனின் கட்சி. 1926 டிசம்பரில் பதிவான 'கிராண்ட்பாஸ் ஸ்பெல்ஸ்' இதற்கு நல்ல பாடம், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஆளுக்கொரு பிரேக் பங்கு பிரித்துக் கொடுத்திருப்பார், பந்தியில் வடை வைக்கிற மாதிரி.

அதே வருஷம் செப்டம்பரில் பதிவான 'சைட்வாக் புளூஸ்' கார் ஹாரனோடு ஆரம்பிக்கும். இந்த மாதிரி வேடிக்கை அவருக்குப் பிடிக்கும். 1927இல் 'ஹைனா ஸ்டாம்ப்' என்று ஒன்று போட்டார், அதில் ஒருவர் பாட்டு முழுக்கக் கழுதைப்புலி மாதிரி சிரித்துக்கொண்டே இருப்பார். ஒரு தடவை கேட்கலாம். இரண்டாம் தடவை நான் கேட்டதில்லை.

தகிட தகிட தக

இப்போதுதான் வீட்டுக்கு, ராத்திரி, அமைதியான நேரத்துக்கு 1923ஐக் கொண்டுவர வேண்டும். 'நியூ ஆர்லியன்ஸ் ஜாய்ஸ்' என்ற பியானோப் பதிவைப் போடுங்கள். வலது கையை விட்டுவிட்டு இடது கையை மட்டும் கேளுங்கள்.

தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்டுங்கள். அந்த இடது கையின் சாடை வந்துவிடும். இதைப் புரிந்துகொள்ள மேல்நாட்டுக்காரர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்கள், நமக்கு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. கியூபா பக்கத்திலிருந்து கப்பலேறி நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்கு வந்த நடை இது. மார்ட்டன் இதை ஸ்பானிஷ் சாயல் என்பார், அது சேராவிட்டால் ஜாஸுக்கு உப்புக் காரம் சரியாக அமையாது என்பார். இடது கை இதில் போக, வலது கை அதன் மேல் தன் பாட்டுக்குப் புளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு வகை, வாசிக்கும். சில இடங்களில் இரண்டும் இரண்டு ஆள் மாதிரி பிரிந்து போய், ஒன்று முந்தி ஒன்று பிந்தி, கடைசியில் சேரும். சேருகிற இடத்தில் நம்ம ஊர்க் கச்சேரியாக இருந்தால் சபையில் கை தட்டுவார்கள்.

இந்தச் சாயலைத் தெளிவாகக் கேட்க 'தி கிரேவ்' (ஏக்கம் என்று பொருள், கல்லறை இல்லை) என்ற மெட்டு இன்னும் நல்லது, கொஞ்சம் நிதானமானது, பதிவும் பிற்காலத்தது.

சாவு மேளம்

ஒருநாள் சாயங்காலம் அரியாங்குப்பத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு சவ ஊர்வலம், பூத்தேர், பேண்டு செட். டிரம்பெட்டில் பழைய சோகப் பாட்டு ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, சைடு டிரம் அடிக்கிற பையன் ஒரு கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மற்ற கையால் அடித்துக்கொண்டிருந்தான், தாளம் தவறவே இல்லை. இயர்போனைக் கழற்றிவிட்டு அதைத்தான் கேட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது, 'டெட் மேன் புளூஸ்' இதுதானே என்று.

1926 செப்டம்பர் 21இல் பதிவானது. முதலில் மார்ட்டனும் பான்ஜோக்காரர் ஜானி செயின்ட் சிரும் பேசிக்கொள்வார்கள், எங்கோ மணி அடிக்கிறதே, யாரோ செத்துவிட்டார்கள் போல, என்கிற மாதிரி. பிறகு டிராம்போன் தலைமையில் மெதுவான சவ ஊர்வல இசை. அது சில நொடிதான். உடனே நடை மாறி, தோளை ஆட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி புளூஸ் ஆரம்பிக்கும். நியூ ஆர்லியன்ஸ் வழக்கம் அப்படி: கல்லறைக்குப் போகும்போது பேண்டு அழும், புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆடிக்கொண்டு வரும். நம்ம பக்கம் திரும்பும்போது பேண்டே வராது, காசை வாங்கிக்கொண்டு வேனில் ஏறிவிடுவார்கள். போகும்போதே ஆடிவிடுகிறோம், அதனால் கணக்கு சரி.

இந்தப் பாட்டில் பிற்பாதியில் மூன்று கிளாரினெட் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்கும். அந்த மூன்று கிளாரினெட்டுக்காகவே கூடுதலாக இரண்டு பேரை அன்றைக்கு அழைத்து வந்திருந்தார். வேறு யாராவது இருந்தால் ஒருவரை வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள்.

ஆளைப் பற்றி, கொஞ்சம் தள்ளி நின்று

வாழ்க்கைக் கதையை முதலிலேயே படித்துவிடாதீர்கள் என்பது என் யோசனை. கதை ரொம்ப ருசியானது, பாட்டை மறைத்துவிடும். நாலு வாரம் கேட்ட பிறகு போதும்.

பிறந்த பேர் ஃபெர்டினாண்ட் ஜோசப் லமோத். பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பேர், நம்ம புதுச்சேரி மாதா கோவில் பதிவேட்டில் எழுதியிருந்தாலும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. நியூ ஆர்லியன்ஸும் பிரெஞ்சுக்காரர்கள் 1718இல் போட்ட ஊர்தான், 1803இல் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே கலப்பு வம்சத்துக் கிரியோல் குடும்பங்கள் இருந்தன, வெள்ளையும் இல்லை கறுப்பும் இல்லை என்று தங்களைத் தனியாக வைத்துக்கொண்டவர்கள். நம்ம ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த பழைய 'சொல்தா' குடும்பங்களில் இருந்த மிடுக்கைப் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் பிடிபடும். மார்ட்டனுக்கு அந்த மிடுக்கு கடைசிவரை போகவில்லை.

அம்மா சீக்கிரம் இறந்துவிட, கொள்ளுப்பாட்டி வளர்த்தார். பதின்வயதில் ஸ்டோரிவில் என்ற சிவப்பு விளக்குப் பகுதியில் பியானோ வாசிக்கப் போனார், அங்கே ஒரு ராத்திரி டிப்ஸே நல்ல காசு. வீட்டில் சொன்னது பீப்பாய்த் தொழிற்சாலையில் ராக்காவல் வேலை. உண்மை தெரிந்ததும் பாட்டி வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். ஜெல்லி ரோல் என்ற பேரும் அந்த உலகத்திலிருந்து வந்ததுதான். கேட்பதற்குக் கேக் மாதிரி இருக்கும், தெருப்பேச்சில் அதற்கு வேறு பொருள், வீட்டில் பெரியவர்கள் கேட்டால் கேக் என்றே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஊர் ஊராகச் சுற்றினார், பில்லியர்ட்ஸ், சூதாட்டம், பல்லில் வைரம் என்று போனது. 1917இலிருந்து கலிஃபோர்னியா, 1923இல் சிகாகோ, 1928இல் நியூயார்க்.

நியூயார்க்கில்தான் சரிவு. பாணி மாறிவிட்டது, பெரிய குழுக்கள் வந்துவிட்டன, விக்டர் கைவிட்டது. கொடுமை என்னவென்றால், 1935இல் கிளாரினெட்காரர் பென்னி குட்மனின் குழு வாசித்து நாடே ஆடிய 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' இவர் எழுதியது. போர்ட்டர் கிங் என்ற பியானோ நண்பரின் பேரைத் திருப்பிப் போட்டு வைத்த மெட்டு. ஊரெல்லாம் அது ஒலித்துக்கொண்டிருந்தபோது இவர் வாஷிங்டனில் ஒரு சின்ன பாரில் வாசித்துக்கொண்டிருந்தார். (1923 தனிப் பியானோப் பதிவையும் குட்மன் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வருஷ இடைவெளியில் வந்தவை. மெட்டின் எலும்பு அப்படியே இருக்கும்.)

1938இல் ரேடியோவில், புளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டிதான் ஜாஸைத் தொடங்கிவைத்தவர் என்று சொல்லப்போக, மார்ட்டனுக்குக் கொதித்துவிட்டது. பத்திரிகைக்கு நீளமான கடிதம் எழுதினார், 1902 கதை அதில்தான். வாய்ச்சவடால்தான், சந்தேகமில்லை. ஆனால் அதே வருஷம் மே மாதம், ஆலன் லோமாக்ஸ் என்ற 23 வயசு இளைஞர் இவரை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அழைத்துப் போய், பியானோ முன்னால் உட்காரவைத்து, பக்கத்தில் விஸ்கி வைத்து, பேசச் சொன்னார். எட்டு மணி நேரத்துக்கு மேல் பதிவு. ஒரு கை பியானோக் கட்டைகளைத் தடவிக்கொண்டே இருக்க, கால் தரையில் தட்டிக்கொண்டே இருக்க, நியூ ஆர்லியன்ஸ் கதையைக் கதாகாலட்சேபம் மாதிரி சொல்லிக்கொண்டு போவார். ஆங்கிலம் முழுதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் பாதிதான் புரிந்தது. அதில் 'மேப்பிள் லீஃப் ராக்' பகுதியை மட்டும் கட்டாயம் தேடுங்கள். ஸ்காட் ஜாப்ளின் 1899இல் வெளியிட்ட மெட்டை முதலில் பழைய பாணியில் நேராக வாசிப்பார், அடுத்து தன் பாணியில். முதலாவதில் ஒவ்வொரு ஸ்வரமும் சம அளவு. இரண்டாவதில் முதல் ஸ்வரம் நீண்டு அடுத்தது குறுகி, 'தா..ட தா..ட' என்று திஸ்ர நடைக்குச் சாய்ந்துவிடும். ஜாஸுக்கு முந்தைய அந்தப் பழைய பியானோ பாணியான ராக்டைம் எங்கே முடிந்து ஜாஸ் எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. அந்த 1902 கதையை நான் நம்பவில்லை, ஆனால் இந்த இரண்டு வாசிப்பையும் கேட்ட பிறகு அவரோடு சண்டை போடவும் தோன்றவில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பதிவுகளில் சில பாட்டுகள் பச்சை பச்சையாக இருக்கும், பல வருஷம் வெளியிடாமலே வைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் போட வேண்டாம்.

1938லேயே அந்த பாரில் ஒருவன் கத்தியால் குத்தினான், அதற்குப் பிறகு உடம்பு தேறவில்லை. 1940 கடைசியில் ஞானத்தாய் இறந்த சேதி கேட்டு, தன் இரண்டு கார்களைச் சங்கிலியால் பிணைத்து, ஒன்றை ஓட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு, குளிர்காலத்தில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனார். அடுத்த ஜூலையில் முடிந்துவிட்டது.

கீபோர்டு இருந்தால்

வீட்டில் 61 கட்டை கீபோர்டு தூசி படிந்து கிடந்தால், பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து பிள்ளை தொடாமல் விட்டிருந்தால், இதை முயலலாம். ஒன்றிலிருந்து எட்டுவரை நிதானமாக எண்ணுங்கள். இடது கையால் 1இல் கீழ் ஸட்ஜம், 4இல் பஞ்சமம், 5இல் மேல் ஸட்ஜம், 7இல் மறுபடி பஞ்சமம். வெள்ளைக் கட்டையில் சி, ஜி, மேல் சி, ஜி. 4க்கும் 5க்கும் நடுவே இடைவெளி கம்மி, அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவோம். ஒரு வாரம் இதையே வாசியுங்கள், வலது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு. அந்த உள்ளமைந்த ரிதம் பொத்தானைத் தொடாதீர்கள், அது உங்களுக்காகத் தாளத்தைச் சுமந்தால் உங்கள் கை கற்றுக்கொள்ளாது.

அடுத்தது 'மேமிஸ் புளூஸ்', 1939 டிசம்பர் பதிவு. மார்ட்டன் தன் வாழ்க்கையில் முதலில் கேட்ட புளூஸ் என்று சொல்வது. சின்ன வயதில் அக்கம்பக்கத்தில் இருந்த மேமி டெஸ்டூன் என்ற பெண் வாசித்தது, அவருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. மிச்ச மூன்று விரலால் வாசித்த மெட்டு என்பதால்தானோ என்னவோ, ஸ்வரங்கள் குறைச்சல், நம்ம கைக்கும் அடங்குகிறது. எல்லாம் போன பிறகு, அந்தத் தம்பட்டம் எதுவும் இல்லாமல், மெதுவாகப் பாடிக்கொண்டே வாசித்திருப்பார். அவர் பதிவைக் கேட்டு, வலது கை வருகிற இடங்களை மட்டும் ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடிப் பிடியுங்கள். எனக்கு முதல் நாலு கட்டம் பிடிக்கப் பதினோரு நாள் ஆனது.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி பத்தரைக்கு அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: "அந்த அம்மாவுக்கு மூணு வெரலு, சரி. உங்களுக்கு என்னங்க ஆச்சு?" கீபோர்டின் பின்பக்கம் இயர்போன் செருக ஒரு துளை இருக்கும். தேடிக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.